டயர் கப்ளிங் கிழிந்த இடம்: ஒரு செஸ்னா 172-ஐ டீசலுக்கு மாற்றப் பார்த்த கதை

கொங்கு நாட்டில் எஞ்சின் மாற்றுவது பெரிய சமாச்சாரம் இல்லை. 1980 வாக்கில் டீசல் அம்பாசிடர் வந்த பிறகு, பழைய பெட்ரோல் அம்பாசிடரை விற்க மனமில்லாதவர்கள் பட்டறையில் நிறுத்தி டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜீப்புக்கும் அதே வைத்தியம்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களையும் நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களையும் கேட்டால், எந்த எஞ்சின் எந்தச் சேஸில் உட்காரும் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். அதனால் பீளமேட்டுப் பவுண்டரிக்காரர் ஒருவர், "ஏனுங் தம்பி, ஏரோப்ளேனுக்கு டீசல் எஞ்சின் போட்டா என்னங்க?" என்று என்னிடம் கேட்டபோது, அந்தக் கேள்வியில் அவருக்கு விசேஷமாக எதுவும் தெரிந்திருக்காது.

அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். பம்புக்கு வார்ப்பு ஊற்றிப் பெரிய ஆளானவர். மகன் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான். எங்கோ ஒரு ஷெட்டில் எஞ்சின் மணி நேரம் முடிந்துபோய் நிற்கும் செஸ்னா 172எம் என்ற நான்கு பேர் உட்காரும் சிறு விமானம் விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார். வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டுத்தரச் சொன்னார். நான் விமானப் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். கணக்குப் போட ஒப்புக்கொண்டேன். அது கணக்கோடு நிற்காமல் ஒரு சோதனை மேடைவரை போனது.

ஏன் டீசல்?

அண்ணனின் காரணம் ஒரே வரி: பெட்ரோல் விமானத்துக்கு எரிபொருள் கிடைப்பதில்லை. அது பெரிய அளவுக்கு உண்மைதான். சிறிய பிஸ்டன் விமானங்கள் குடிப்பது ஏவ்காஸ் 100எல்எல். லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் கலக்கலாம் என்று அனுமதி உள்ள பெட்ரோல் அது. நம் கார்களுக்கு 2000-லேயே ஈயம் போய்விட்டது, இந்த விமானங்களுக்கு இன்னும் போகவில்லை. பெரும்பாலும் பீப்பாயில்தான் வந்து சேரும். 2022 வரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தார்கள். அந்த வருடம்தான் இந்தியன் ஆயில் வடோதரா சுத்திகரிப்பாலையில் தயாரிக்கத் தொடங்கியது. ஜெட் எரிபொருளோ பயணிகள் விமானம் வந்துபோகும் ஊரிலெல்லாம் உண்டு, கோவையிலும் உண்டு. ஜெட் எரிபொருள் என்பது நன்றாகச் சுத்தம் செய்த மண்ணெண்ணெய்தான். டீசல் எஞ்சினில் ஊற்றினால் ஓடும்.

இரண்டாவது காரணம் குடி. 172எம்-ல் இருப்பது லைகமிங் ஓ-320, 150 எச்.பி., காற்றால் குளிரும் படுக்கை நான்கு சிலிண்டர். முக்கால் திறனில் ஓட்டினால் மணிக்கு ஏறக்குறைய 31 லிட்டர் கேட்கும். 135 எச்.பி. டீசல் அதே முக்கால் திறனில் ஏறக்குறைய 21 லிட்டர்தான். ஆனால் இந்தப் பத்து லிட்டரும் எஞ்சினின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. டீசலின் திறனே 135-தான், அதில் முக்கால் என்பது கொஞ்சம் குறைவான வேலை. அதோடு ஜெட் எரிபொருள் லிட்டருக்கு 800 கிராம் எடை, ஏவ்காஸ் 720 கிராம். லிட்டர் கணக்கில் பார்த்தால் ஜெட் எரிபொருளில் பத்து சதவீதம் வெப்பம் கூடுதல். நாம் லிட்டருக்குக் காசு கொடுக்கிறோம், எஞ்சின் கிலோவுக்கு வேலை செய்கிறது. டீசலின் அதிக அமுக்க விகிதம் தருவது இவை போக மீதியைத்தான், அதுவும் நல்ல லாபம்தான்.

மூன்றாவதை நானே சேர்த்தேன். கோவை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 400 மீட்டர். ஏப்ரல் மத்தியானம் 38 டிகிரி வெயிலில் அங்கே இருக்கும் காற்று, சுமார் 4,400 அடி உயரத்துக் காற்றைப்போல் மெலிந்திருக்கும். டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 150 எச்.பி. எஞ்சின் அப்போது 130-ஐ ஒட்டித்தான் தரும். டர்போ உள்ள 135 எச்.பி. டீசல் கிட்டத்தட்ட முழுசாகத் தரும். ஆக, காகிதத்தில் 15 எச்.பி. குறைந்த எஞ்சின், வெயில் காலத்தில் கோவை ஓடுபாதையில் தாழ்ந்துபோகாது. இதைச் சொன்னதும் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

எடைக் கணக்கு

டீசல் கனம். சென்டூரியன் 2.0 என்ற விமான டீசல் மட்டுமே 134 கிலோ. ஓ-320 சுமார் 120 கிலோ. அப்புறம் ரேடியேட்டர், அதில் நிறைக்கும் தண்ணீர், இன்டர்கூலர், கூடுதல் பேட்டரி என்று அடுக்கிக்கொண்டே போகும். மொத்தம் 40 கிலோ கூடும் என்று வைத்துக்கொண்டோம். அத்தனையும் மூக்கில் ஏறும், அதனால் பேட்டரியைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

நான்கு மணி நேரப் பறப்புக்கு ஏவ்காஸ் 124 லிட்டர், 89 கிலோ. ஜெட் எரிபொருள் 84 லிட்டர், 67 கிலோ. எரிபொருளில் 22 கிலோ மிச்சம், எஞ்சினில் 40 கிலோ கூடுதல்: நிகர நஷ்டம் 18 கிலோ. இரண்டு மணி நேரப் பறப்பென்றால் மிச்சம் 11 கிலோதான், நஷ்டம் 29-க்கு ஏறிவிடும். தூரப் பயணம் போகிறவனுக்கு டீசல் தோதுப்படும். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி இறங்கிப் பழகும் மாணவனுக்கு, எடையைப் பொறுத்தவரை, வெறும் சுமை.

பட்டறை வழி

"சர்டிபிகேட் எஞ்சின் எல்லாம் அப்புறம் பாக்கலாமுங் தம்பி. மொதல்ல ஒண்ண ஓட்டிப் பாப்போம்" என்றார் அண்ணன். தரையில்தான், பறக்க அல்ல. வகைச் சான்றிதழ் (அந்த மாடலின் வடிவமைப்புக்குத் தரும் ஒப்புதல்) பெற்ற விமானத்தில் எஞ்சின் வகையையே மாற்றுவது பெரிய மாற்றம். அதற்கென்று ஒப்புதல் பெற்ற மாற்றுத் திட்டம் இல்லாமல் அந்த விமானம் ஓடுபாதையில் உருளவே முடியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பார்க்க ஆசை. சரி, எனக்கும் ஆசைதான்.

விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து ஒன்றரை லிட்டர் காமன் ரெயில் டீசல் வந்தது. விமானத்துக்கு இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட 172 புரொப்பெல்லர் ஒன்றும் கிடைத்தது. பம்ப் சோதனை மேடையின் கான்கிரீட் அடித்தளத்தில் எஞ்சினை நிறுத்தி, பிளைவீலுக்கும் புரொப்பெல்லர் தண்டுக்கும் நடுவில் டயர் கப்ளிங் போட்டோம். தெரியாதவர்களுக்கு: பம்பையும் மோட்டாரையும் இணைக்கும்போது நடுவில் வளைத்து மாட்டும் ரப்பர் வளையம் அது. தண்டுகள் கொஞ்சம் கோணினாலும் தாங்கிக்கொள்ளும். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கடையில் கிடைக்கும். சுற்றிலும் இரும்புக் கம்பி வலை. பட்டறைப் பையன்கள் புரொப்பெல்லரைக் காத்தாடி என்றார்கள், எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

முதல் பாடம் அரை மணி நேரத்தில் கிடைத்தது. எஞ்சின் 1,700 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டவில்லை. காரில் 4,000-ஐ அநாயாசமாகத் தொடும் எஞ்சின் அது. காத்தாடி கேட்கும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும், அதாவது வேகத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு திறன். எஞ்சினோ தன் முழுத் திறனை மேல் வேகத்தில்தான் வைத்திருக்கிறது. காத்தாடி கீழ் வேகத்திலேயே அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. நடுவில் கியர்பாக்ஸ் இல்லாமல் கார் எஞ்சின் விமானத்துக்கு ஆகாது. சென்டூரியனில் எஞ்சின் 3,900-ல் ஓடும்போது காத்தாடி 2,300-ல் ஓடும், 1.69-க்கு 1 என்ற குறைப்பு. ஓ-320-க்கு இந்தத் தொந்தரவே இல்லை. ஐந்தேகால் லிட்டர் கொள்ளளவை வைத்துக்கொண்டு 2,700-ல் சாவகாசமாக நேரடியாகச் சுற்றுகிறது.

இரண்டாவது பாடத்துக்குச் சில நாள் ஆனது. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் மேடை ஒரு உலுக்கு உலுக்கும். ஐடிலில் கடகடவென்று சத்தம். 1,200-ஐத் தாண்டினால் பட்டுப்போல் ஓடும். பையன்கள் ஃபவுண்டேஷன் போல்ட்டை முறுக்கினார்கள், எஞ்சின் மவுண்டை மாற்றினார்கள். ஒரு சாயங்காலம் அணைக்கும்போது கப்ளிங் பளாரென்று கிழிந்து, ரப்பர் துண்டு வலையில் வந்து அடித்தது. புதிதாகப் போட்டோம். அதுவும் மூன்றாம் நாள் போனது. கழற்றிப் பார்த்தபோது ரப்பர் உள்ளே வெந்து பிசுபிசுத்திருந்தது.

அண்ணன் கப்ளிங் தரத்தைத் திட்டினார். கப்ளிங் மேல் தப்பில்லை. நான்கு சிலிண்டர் டீசல் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 850 ஆர்.பி.எம். ஐடிலில் அது நொடிக்கு 28 முறை அடிப்பதுபோல். ஒவ்வொரு அடியும் பெட்ரோல் விமான எஞ்சினின் அடியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பலம். ஒரு முனையில் பிளைவீல், மறுமுனையில் பிளைவீலைவிடக் கனமாகச் சுழலும் காத்தாடி, நடுவில் ரப்பர். இது ஊஞ்சல் கட்டினதுபோல்தான்: ரப்பருக்கு இயல்பாகவே ஒரு ஆட்டத் தாளம் உண்டு. அந்தத் தாளம் எங்கள் மேடையில் ஐடில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போதெல்லாம் முறுக்கு பல மடங்காகி ரப்பரைத் தின்றது. ரப்பர் இல்லாமல் கெட்டியாகப் பூட்டினால் அந்த முறுக்கு கிராங்க் ஷாஃப்ட்டுக்கோ காத்தாடி இதழுக்கோ போகும். ரப்பர் கிழிந்தால் மேடையில் சிரித்துவிட்டுப் போகலாம், கிராங்க் முறிந்தால் முடியாது.

பம்புக்காரர்கள் பலருக்கு இது புதிதாக இருக்கும். பம்ப் இம்பெல்லர் இலகுவானது, தண்ணீரே அதிர்வைத் தணித்துவிடும். எங்கள் ஊரின் நூறு வருடத் தொழில் அனுபவமும் அந்த எல்லைக்குள்ளேயே வளர்ந்தது. காத்தாடி அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் பொருள்.

செய்து காட்டியவர்கள் என்ன செய்தார்கள்?

விமான டீசல் புதுசு இல்லை. அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் ஒன்பது சிலிண்டர் ரேடியல் டீசலை 1928-லேயே பறக்கவிட்டது. 1931-ல் அந்த எஞ்சின் வழியில் எரிபொருள் நிரப்பாமல் 84 மணி நேரத்துக்கு மேல் ஒரு விமானத்தை வானில் வைத்திருந்தது. ஜெர்மனியின் ஜங்கர்ஸ் 1930-களில் யூமோ 205 செய்தது. சிலிண்டர் ஹெட்டே கிடையாது, ஒரு சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் எதிரெதிராக ஓடும். அதன் பிறகு பல பத்தாண்டுக்குச் சிறு விமானங்களில் பெட்ரோல்தான்.

இன்றைய கதை ஜெர்மனியின் டீலர்ட் நிறுவனத்தில் தொடங்குகிறது. அவர்கள் செய்ததும் எங்கள் அண்ணன் செய்ததும் யோசனை அளவில் ஒன்றுதான்: கார் எஞ்சினை எடுத்தார்கள். மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் டீசலை அடிப்படையாக வைத்துச் சென்டூரியன் 1.7 செய்து, 2002-ல் சான்றிதழ் வாங்கினார்கள். பின்னால் 2.0 வந்தது. 172-க்கு மாற்றுத் தொகுப்பும் போட்டார்கள். மூக்கைத் திறந்தால் காரின் எஞ்சின் அறையைப்போல் இருக்கும். விமானியின் கையில் ஒரே லீவர். எரிபொருள்-காற்றுக் கலவைக்குத் தனி லீவர் இல்லை, கார்புரேட்டர் ஹீட் இல்லை, பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னெட்டோ இல்லை, எல்லாம் இரட்டைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

எங்கள் கப்ளிங் கிழிந்த இடத்தில் அவர்கள் கியர்பாக்ஸோடு கிளட்ச் ஒன்றை வைத்தார்கள். செலவு முழுக்க அங்கேதான் போனது. ஆரம்பத்தில் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கியர்பாக்ஸைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பின்னால் ஆஸ்திரியாவின் ஆஸ்ட்ரோ எஞ்சின் நிறுவனம் 2009-ல் சான்றிதழ் பெற்ற ஏஇ300-ல் கிளட்சை விட்டுவிட்டு முறுக்கு அதிர்வைத் தணிக்கும் பிளைவீல் வைத்தது. அதன் அடிப்படையும் மெர்சிடிஸ் கார் டீசல்தான். அந்த எஞ்சின் பூட்டிய டைமண்ட் டிஏ42 இரட்டை எஞ்சின் விமானங்கள் இந்தியப் பயிற்சிப் பள்ளிகளிலும் ஓடுகின்றன. ஆக வேலை நடக்கிறது. வெடிப்பு நடக்கும் சிலிண்டரைவிட, சிலிண்டருக்கும் காத்தாடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு முழம் இடத்தில்தான் அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

கணினியும் ஒருமுறை காலை வாரியது. 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பையரில், சென்டூரியன் எஞ்சின் பூட்டிய ஒரு டிஏ42-ன் பேட்டரி இறங்கிக் கிடந்தது. வெளி மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்து கிளம்பினார்கள். மேலெழுந்ததும் சக்கரத்தை மடக்கியபோது மின் அழுத்தம் ஒரு கணம் சரிந்தது, இரண்டு எஞ்சின் கணினிகளும் மறுபடி தொடங்கின, இரண்டு எஞ்சினும் நின்றன. ஓ-320-ல் பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் மேக்னெட்டோ தன் பாட்டுக்குப் பொறி கொடுத்துக்கொண்டிருக்கும். இதை அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. லாரியில் பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்து ஊர் போய்ச் சேர்கிறவர் அவர்.

பிரிக்கவே கூடாத எஞ்சின்

கணக்கில் அவரை நிஜமாகத் தடுத்தது கியர்பாக்ஸும் இல்லை, கணினியும் இல்லை. லைகமிங்குக்கு 2,000 மணி நேரம் என்றால், அது பிரித்து வேலை பார்க்கும் இடைவெளி. ரிங் மாற்றலாம், சிலிண்டர் மாற்றலாம், கிராங்க்கைச் சோதித்து மறுபடி பூட்டலாம், அதே எஞ்சின் இன்னொரு சுற்று ஓடும். சென்டூரியனுக்கு எழுதியிருப்பது மாற்றும் இடைவெளி. முதலில் 1,000 மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக 2,100 வரை உயர்ந்திருக்கிறது. அந்த மணி நேரம் முடிந்தால் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

"பிரிக்கவே கூடாதுங்களா?" என்றார் அண்ணன். மறுபடி ஒருமுறை கேட்டார். ஆயில் எஞ்சினை மூன்று தலைமுறையாக ரீபோர் செய்து ஓட்டும் ஊரில் வளர்ந்தவருக்கு, நன்றாக ஓடுகிற எஞ்சினை மணிக்கணக்கு முடிந்ததென்று தூக்கிப்போடுவது பாவம்போல் பட்டது. ஒரு வகையில் அவர் கோபம் நியாயமானதுதான். வருடத்துக்கு லட்சக்கணக்கில் வார்க்கும் கார் எஞ்சினை விமானத்துக்கு எடுத்தால் அதன் விலை மலிவும் கூடவே வரும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். சான்றிதழ், சோதனை, பொறுப்பு எல்லாம் ஏறிய பிறகு அந்த மலிவு மிஞ்சுவதில்லை. மாற்றுத் தொகுப்பின் விலை அந்தப் பழைய 172-ன் விலையையே தாண்டியது.

உற்பத்தியாளர் நிலை தடுமாறினால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. டீலர்ட் 2008 ஏப்ரலில் திவாலானது. எஞ்சின் வாங்கியவர்களுக்குக் கொடுத்த உத்தரவாதம் செல்லாமல் போனது, உதிரிப் பாகங்களின் விலை ஏறியது. 300 மணி நேரக் கியர்பாக்ஸ் சோதனையை இனி சொந்தக் காசில் செய்ய வேண்டிய நிலை. விமானங்கள் ஷெட்டில் நின்றன. 2013-ல் சீனாவின் ஏவிக் குழுமம் அந்தத் தொழிலை வாங்கியது. இன்று அவை கான்டினென்டல் பெயரில் சிடி-135, சிடி-155 என்று வருகின்றன. செஸ்னாவே தன் 172-ல் சிடி-155 பொருத்தி 2017-ல் சான்றிதழ் வாங்கி, மறு வருடமே விற்பனையை நிறுத்திக்கொண்டது. மேலே தயாரிப்பாளர் யார் என்பதைப் பொறுத்து நம் ஷெட்டில் இருக்கும் விமானத்தின் மதிப்பு ஏறி இறங்கும் என்பதை அண்ணன் சட்டென்று பிடித்துக்கொண்டார். நூல் விலையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது.

அப்புறம் மணிக்கணக்கு. மகன் வருடத்துக்கு 100 மணி நேரம் பறப்பான் என்று வைத்தால் எரிபொருள் மிச்சம் வருடத்துக்கு 1,000 லிட்டர். இவ்வளவுக்காக அந்தத் தொகுப்பை வாங்குவதில் பொருளில்லை. வருடத்துக்கு 700 மணி நேரம் ஓட்டும் பள்ளிக்கு 7,000 லிட்டர், அங்கே கணக்கு வேறு. தனி ஆளுக்கு வேண்டாம், பள்ளிக்குக் கேட்கலாம்: இதுதான் நான் எழுதிக்கொடுத்த முடிவு.

பங்க் டீசல்

கடைசியாக ஒரு சபலம் மிச்சமிருந்தது. ஜெட் எரிபொருளும் வேண்டாம், அவினாசி ரோட்டு பங்க் டீசலையே ஊற்றலாமே? ஐரோப்பாவில் சில விமான டீசல்களுக்குச் சாலை டீசலுக்கும் அனுமதி உண்டு, அதனால் கேள்வி அசட்டுத்தனமானது இல்லை. பங்க் டீசலில் ஒரு சௌகரியமும் உண்டு: பற்றிக்கொள்ளும் தன்மைக்கு அளவு குறிப்பிட்டிருப்பார்கள், ஜெட் எரிபொருள் தரநிலையில் அந்த அளவே கிடையாது.

ஆனால் நம் டீசல் சமவெளிக்கு ஏற்றது. இந்தியத் தரத்தில் கோடைக்கால டீசல் 18 டிகிரியில் வடிகட்டியை அடைக்கத் தொடங்கினாலும் தரம் தவறியதாகாது. ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை உறையாது. கோவைக்கு மேல் 10,000 அடியில் தரை வெயிலைப் பொறுத்து வெளிக் காற்று பத்துப் பன்னிரண்டு டிகிரி. டீசலில் கரைந்திருக்கும் மெழுகு திரிந்து வடிகட்டி அடைக்க அது போதும். மார்கழி அதிகாலையில் ஊட்டியில் ஸ்டார்ட் ஆகாத லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போகலாம். பல்லடம் காற்றாலைகளுக்கு மேலே ஆடிக் காற்றில் அந்தச் சௌகரியம் இல்லை.

பின்னர்

அண்ணன் அந்த 172-ஐ வாங்கவில்லை. மகன் படிப்பை முடித்து வெளியூரில் வேலையில் இருக்கிறான். சோதனை மேடை எஞ்சின் இப்போது அன்னூர்ப் பக்கம் அவருடைய தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓட்டுகிறது, 1,500 ஆர்.பி.எம்.-ல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். நடுவில் டயர் கப்ளிங்தான். பட்டறைப் பையன்கள் அதே கடையில், அதே அளவில் வாங்கி மாட்டினார்கள். இரண்டு வருடமாகிறது, இன்னும் கிழியவில்லை.